இன்னொரு ஐபி முகவரி எந்த வழியாக வந்து சேர்கிறது?

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் தடத்தில் ஓர் உதிரிபாக ஆலையின் வாசலைத் தாண்டி லாரி வெளியே வர, வண்டியில் சரக்கு ஏறினால் மட்டும் போதாது. 2018 ஏப்ரல் 1 முதல் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோக இ-வே பில் கட்டாயம். தமிழ்நாட்டுக்குள் அந்த வரம்பு ஒரு லட்சம் ரூபாய். 2020 அக்டோபர் 1-ம் தேதி, 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு இ-இன்வாய்ஸ் வந்தது. வரம்பு படிப்படியாகக் குறைந்து 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி ரூபாய் ஆனது. நடுத்தர ஆலைகளும் அதனால் இந்த வளையத்துக்குள் வந்துவிட்டன.

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான் ஆலையும், 2012-ல் டைம்லரின் லாரி ஆலையும் வந்தன. இத்தகைய ஆலைகள் உதிரிபாகங்களை மலையாகக் குவித்து வைப்பதில்லை. அசெம்பிளி லைனுக்குத் தேவைப்படும் நேரத்துக்குப் பொருள் வந்தாக வேண்டும். எனவே சப்ளையரின் வண்டி ஒரே நாளில் பல நடை போகும். ஒவ்வொரு நடைக்கும் ஆவணம் வேண்டும். அத்தனையையும் ஆள் உட்கார்ந்து தட்டச்சு செய்ய முடியாது. ஆலையின் மென்பொருளே அரசின் கணினியோடு நேரடியாகப் பேசி ஆவண எண்ணை வாங்கிக்கொள்கிறது.

அப்படி நேரடி இணைப்பு கேட்கும் நிறுவனத்திடம் அரசு வைக்கும் நிபந்தனைகளில் ஒன்று, அதன் சர்வருக்கு இந்தியாவில் ஒரு நிலையான ஐபி முகவரி இருக்க வேண்டும் என்பது. அந்த முகவரியைப் பதிவு செய்துகொள்வார்கள். வேறு முகவரியிலிருந்து அழைப்பு வந்தால் ஏற்க மாட்டார்கள். கார் கம்பெனிகளோடு ஆர்டர் விவரங்களைப் பரிமாறும் கணினிகளிலும் இதே வழக்கம் உண்டு. ஐரோப்பியக் கார்த் தொழிலின் ஒடெட் அமைப்பு 1986-ல் வகுத்த கோப்புப் பரிமாற்ற முறை, 2007-ல் இணையத்துக்கேற்பப் புதுப்பிக்கப்பட்டு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இரு தரப்பும் மற்றவரின் முகவரியை முன்கூட்டியே ஃபயர்வாலில் பதித்துவைப்பது இங்கும் நடக்கும்.

ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். அதன் மென்பொருள் ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்த சர்வரில் ஓடுகிறது. சர்வரோடு ஒரு முகவரி வந்தது. இ-வே பில்லுக்கு ஒன்று, கோப்புப் பரிமாற்றத்துக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று என்று தனித்தனியாக வேண்டும் என ஆலை கேட்கிறது. ஹோஸ்டிங் நிறுவனம் மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு சில எண்களை அனுப்பிவைக்கிறது. ஐடி பிரிவினர் அவற்றை சர்வரில் சேர்க்கிறார்கள். வெளியிலிருந்து பிங் செய்தால் பதில் இல்லை. அல்லது பிங்குக்குப் பதில் வருகிறது, அரசுத் தளம் மட்டும் அழைப்பை ஏற்க மறுக்கிறது. எண் சரி, கேபிள் சரி, சர்வரும் ஓடுகிறது. பிறகு எங்கே கோளாறு?

பெரும்பாலும் அந்த எண் சர்வருக்கு வந்து சேரும் முறையில்தான். கூடுதல் முகவரி தருவதற்கு ஹோஸ்டிங் நிறுவனங்களிடம் நாலைந்து முறைகள் இருக்கின்றன. வாங்குகிறவர் கையில் கிடைக்கும் எண் எல்லா முறைகளிலும் ஒரே மாதிரிதான் தெரியும். சர்வரில் செய்ய வேண்டிய அமைப்போ முறைக்கு முறை மாறும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் வராமலே போகும்.

429 கோடியும் தீர்ந்தது

1981 செப்டம்பரில் வெளியான ஐபிவி4 விதிமுறை, ஒரு முகவரிக்கு 32 பிட் ஒதுக்கியது. மொத்தம் 429 கோடிச் சொச்சம் முகவரிகள். உலக அளவில் இவற்றைப் பகிர்ந்தளிக்கும் ஐயானா அமைப்பு, தன்னிடம் மிஞ்சிய கடைசித் தொகுதிகளை 2011 பிப்ரவரி 3-ல் கொடுத்து முடித்தது. ஆசிய-பசிபிக் பகுதிக்கான ஏப்னிக் பதிவகம் அதே ஆண்டு ஏப்ரல் 15-ல் தன் கடைசி இருப்பைத் தொட்டது. அன்றுமுதல் ஓர் உறுப்பினருக்கு அந்த இருப்பிலிருந்து அதிகபட்சம் 1,024 முகவரிதான். 2019-ல் அது 512 ஆகக் குறைந்தது. இந்தியாவில் இந்தப் பொறுப்பை 2012 முதல் கவனிப்பது, நிக்சியின் கீழ் இயங்கும் ஐஆர்ஐஎன்என் பதிவகம்.

தட்டுப்பாடு வந்ததும் சந்தை வந்தது. 2011-ல் திவாலாகியிருந்த நார்டெல் நிறுவனத்திடமிருந்து மைக்ரோசாஃப்ட் 6,66,624 முகவரிகளை 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஒன்றுக்கு 11.25 டாலர். அதன்பின் விலை பல மடங்கு ஏறியது. 2024 பிப்ரவரி 1 முதல் அமேசான் வெப் சர்வீசஸ் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் வசூலிக்கிறது. ஆண்டு முழுக்க வைத்திருந்தால் ஒரு முகவரிக்குச் சுமார் 44 டாலர்.

ஹோஸ்டிங் நிறுவனத்தின் ஒவ்வொரு முடிவுக்கும் பின்னால் இந்தக் கணக்கு நிற்கிறது. கூடுதல் முகவரி கேட்டால் எதற்கு என்று காரணம் கேட்பதும், ஒரு முகவரியைக்கூட வீணாக்காத முறையைத் தேடுவதும் இதனால்தான்.

இந்தக் கணக்குகள் போடப்படும் இடங்களும் ஆலைகளுக்கு அருகிலேயே வந்துவிட்டன. சென்னைக் கடற்கரையில் பன்னாட்டுக் கடலடிக் கேபிள்கள் கரையேறுவதால் அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் டேட்டா சென்டர்கள் பெருகின. எல் அண்ட் டி ஸ்ரீபெரும்புதூரிலேயே ஒன்றை அமைத்திருக்கிறது. 2024 நவம்பரில் இ2இ நெட்வொர்க்ஸ் என்ற கிளவுட் நிறுவனத்தின் 21 சதவீதப் பங்கைச் சுமார் 1,407 கோடி ரூபாய்க்கு வாங்கப்போவதாகவும் அது அறிவித்தது. 2022-ல் லினோட் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தை வாங்கிய அக்கமாய், 2023-ல் சென்னையில் தன் கிளவுட் மையத்தைத் திறந்தது. பேரிங் செய்யும் ஆலையும் அதன் சர்வரும் ஒரே மாவட்டத்தில் இருப்பது இன்று நடக்கக்கூடிய காரியம்.

கூவிக் கேட்பதும் உத்தரவு வைப்பதும்

ஒரு சர்வரின் முதன்மை முகவரி 198.51.100.20 என்று வைத்துக்கொள்வோம். எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கிவைக்கப்பட்ட எண் இது. அந்த சர்வருக்கு 203.0.113.24/29 என்ற கூடுதல் தொகுதி கிடைக்கிறது. சாய்கோட்டுக்குப் பின்னால் இருக்கும் 29, முதல் 29 பிட்டுகள் மாறாதவை என்பதைச் சொல்கிறது. மீதி 3 பிட்டில் 8 முகவரிகள்: 24 முதல் 31 வரை.

இதைக் கொடுக்க இரண்டு அடிப்படை முறைகள் உண்டு. ஒரு சிப்காட் வளாகத்துக்குள் நுழையும் கூரியர் வண்டியை நினைத்துக்கொள்ளலாம். 27-ம் மனைக்கு ஒரு பார்சல். முதல் முறையில் வண்டிக்காரர் தெருவில் நின்று “27-ம் மனை யாருடையது?” என்று கூவுகிறார். உரியவர் கை தூக்கினால் பார்சல் அவருக்கு. இரண்டாவது முறையில் கூவலே கிடையாது. “24 முதல் 31 வரை எந்த மனைக்கு வந்தாலும் 20-ம் மனைக்காரரிடம் கொடுத்துவிடு” என்று வாசலிலேயே உத்தரவு எழுதி வைத்திருக்கிறார்கள்.

முதல் முறையின் தொழில்நுட்பப் பெயர் ஏஆர்பி. 1982 நவம்பரில் டேவிட் பிளம்மர் எழுதிய ஆர்எஃப்சி 826 ஆவணம் இதை வரையறுத்தது. ஹோஸ்டிங் நிறுவனத்தின் ரவுட்டர், உள்ளூர் வலைப்பின்னலில் உள்ள எல்லாருக்கும் “203.0.113.27 யாரிடம்?” என்று கேட்கும். அந்த எண் பதிந்திருக்கும் சர்வர் தன் மேக் முகவரியைச் சொல்லிப் பதில் தரும். மேக் முகவரி என்பது நெட்வொர்க் கார்டுக்கு உரிய 48 பிட் எண். பாக்கெட் அங்கே போகும். இந்த முறையில் கூடுதல் எண்ணை சர்வரின் கார்டில் பதித்தாலே போதும். ஏஆர்பி கேள்விக்கு இயங்குதளம் தானாகப் பதில் சொல்லிவிடும்.

இதில் இரண்டு குறைகள். முதலாவது வீண் செலவு. இந்த /29 தொகுதியைத் தனி வலைப்பின்னலாக வைத்தால் 24 வலைப்பின்னலின் பெயராகிவிடும், 31 எல்லாருக்கும் அறிவிக்கும் முகவரியாகிவிடும், ஒன்றை ரவுட்டர் கேட்வே முகவரியாகத் தனக்கு எடுத்துக்கொள்ளும். எட்டில் ஐந்துதான் மிச்சம். 256 முகவரிகள் கொண்ட ஒரு /24 தொகுதியை இப்படி 32 துண்டாக்கினால் 96 முகவரிகள் யாருக்கும் பயன்படாமல் போகும்.

இரண்டாவது குறை, ரவுட்டரின் ஞாபகம். ஒருமுறை கிடைத்த பதிலை ரவுட்டர் தன் பட்டியலில் வைத்துக்கொள்ளும். சிஸ்கோ ரவுட்டர்களில் வழக்கமான அமைப்பின்படி இந்த நினைவு 14,400 விநாடி, அதாவது 4 மணி நேரம் நீடிக்கும். பழுதான சர்வரை ஓரங்கட்டிவிட்டு அதே முகவரியை மாற்று சர்வரில் பதித்தாலும், ரவுட்டர் பழைய மேக் முகவரிக்கே பாக்கெட்டுகளை அனுப்பிக்கொண்டிருக்கும். இதைத் தவிர்க்கத்தான் புதிய சர்வர் யாரும் கேட்காமலே “இந்த முகவரி இனி என்னிடம்” என்று ஏஆர்பி அறிவிப்பு அனுப்ப வேண்டும். மாற்று சர்வர் ஏற்பாட்டுக்கான மென்பொருள்கள் இதைத் தாமாகச் செய்கின்றன. கையால் மாற்றுகிறவர் மறந்தால், அசெம்பிளி லைன் காத்திருக்க, டிஸ்பேட்ச் பல மணி நேரம் முடங்கும்.

உத்தரவு வைக்கும் இரண்டாவது முறையில் ரவுட்டரின் வழிப்பட்டியலில் ஒரே ஒரு வரி சேர்கிறது: 203.0.113.24/29-க்கு வருவதெல்லாம் 198.51.100.20-க்கு. அந்த எட்டு எண்களுக்கும் ஏஆர்பி கேள்வி எழவே எழாது. முதன்மை முகவரியின் மேக் ஒன்று தெரிந்தால் போதும். எட்டும் முழுமையாகப் பயன்படும்; வலைப்பின்னல் பெயர், கேட்வே என்று எதையும் இழக்க வேண்டியதில்லை. சர்வரை மாற்றினால் அந்த வரியை ஹோஸ்டிங் நிறுவனம் திருத்தினால் போதும். ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர் இயந்திரங்கள் ஓடினால், பாக்கெட்டை உள்ளே எதற்கு அனுப்புவது என்பதை சர்வரே முடிவு செய்யலாம். ஜெர்மனியின் ஹெட்ஸ்னர் நிறுவனம் தனிச் சர்வர்களுக்குத் தரும் கூடுதல் தொகுதிகளை இப்படித்தான் முதன்மை முகவரிக்கு வழிப்படுத்துகிறது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், வழிப்படுத்தித் தந்த தொகுதியை ஐடி பிரிவினர் முதல் முறைக்குரியதாக நினைத்து அமைக்கும்போது. 25-ஐ கேட்வே என்று கருதி சர்வரில் பதிப்பார்கள். அப்படி ஒரு கேட்வே எங்குமே கிடையாது. சர்வர் அதைத் தேடித் தேடி ஓய்ந்துபோகும். தலைகீழாகவும் நடக்கும்: ஏஆர்பி முறையில் கொடுத்த முகவரியை உள்ளே இருக்கும் மெய்நிகர் இயந்திரத்துக்கு வழிப்படுத்தினால், வெளியே ரவுட்டர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல ஆளிருக்காது.

மேக் பூட்டு

மெய்நிகர் இயந்திரங்களால் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு சர்வருக்குள் விஎம்வேர், ப்ராக்ஸ்மாக்ஸ் போன்ற மென்பொருளைப் போட்டு ஐந்து இயந்திரங்களை ஓட்டினால், ஒவ்வொன்றும் தனக்கென ஒரு மேக் முகவரியை உருவாக்கிக்கொள்ளும். டேட்டா சென்டரின் சுவிட்ச் பெரும்பாலும் இதை அனுமதிக்காது. ஒரு போர்ட்டில் பதிவு செய்த மேக் மட்டுமே பேசலாம் என்பது விதி. விதி இல்லாவிட்டால் பக்கத்து வாடிக்கையாளரின் முகவரியைத் தன்னுடையது என்று அறிவித்து அவருக்கு வரும் தகவலையெல்லாம் ஒருவர் களவாட முடியும். ஆகவே பதியாத மேக்கிலிருந்து வரும் பாக்கெட்டைச் சுவிட்ச் தள்ளிவிடும். சில நிறுவனங்கள் எச்சரித்துவிட்டு சர்வரையே துண்டிப்பதும் உண்டு.

இதற்குத் தீர்வாக ஹெட்ஸ்னரும் பிரான்சின் ஓவிஎச் நிறுவனமும் கூடுதல் முகவரிக்கு ஒரு தனி மேக் எண்ணைத் தங்கள் தளத்திலேயே உருவாக்கித் தருகின்றன. அந்த எண்ணை மெய்நிகர் இயந்திரத்தின் கார்டில் அப்படியே பதிக்க வேண்டும். ஐபி சரியாக இருந்தும் மேக் தவறாக இருந்தால் இணைப்பு கிடைக்காது.

பெரிய கிளவுட் நிறுவனங்கள் மூன்றாவது ஒரு வழியில் போகின்றன. அமேசானில் பொது முகவரி ஒன்றை வாங்கி சர்வருக்குப் பொருத்தினாலும், சர்வருக்குள் நுழைந்து பார்த்தால் அந்த எண் இருக்காது. அங்கே தனியார் முகவரி ஒன்றுதான் தெரியும். வெளி உலகத்துக்கும் சர்வருக்கும் நடுவில் கிளவுட்டின் வலைப்பின்னல் ஒன்றுக்கு ஒன்று என்று முகவரியை மாற்றி அனுப்புகிறது. இங்கே பொது முகவரியை சர்வரின் கார்டில் நேரடியாகப் பதிப்பதால் பயனில்லை. முதலில் இரண்டாவது தனியார் முகவரி ஒன்றைப் பெற்று, அதோடு பொது முகவரியை இணைக்க வேண்டும். பரிமாற்றச் செய்திக்குள்ளேயே சர்வரின் முகவரியை எழுதி அனுப்பும் பழைய மென்பொருள்கள், எஃப்டிபி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு, இங்கே தடுமாறும்.

போகும்போது எந்த முகவரி?

இதுவரை சொன்னது வரும் வழி. அரசுத் தளம் அழைப்பை ஏற்க மறுத்த கதைக்கு விடை போகும் வழியில் இருக்கிறது.

ஒரு சர்வரில் நான்கு முகவரிகள் இருந்தால், அது வெளியே ஒரு தொடர்பைத் தொடங்கும்போது எந்த முகவரியை அனுப்புநராகப் போடும்? மென்பொருள் எதையும் குறிப்பிடாவிட்டால் இயங்குதளம் முடிவு செய்யும். லினக்ஸ் முதலில் வழிப்பட்டியலில் அனுப்புநர் முகவரி குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் புறப்படும் இணைப்பின் முதன்மை முகவரியை எடுக்கும். எனவே கூடுதல் முகவரியை அரசிடம் பதிவு செய்துவிட்டு, மென்பொருளில் எதையும் மாற்றாமல் விட்டால், அழைப்பு பழைய முதன்மை முகவரியிலிருந்தே போகும். தளம் மறுப்பது நியாயம்தான். விண்டோஸ் சர்வரில் விதி வேறு: அடுத்த ரவுட்டரின் முகவரியோடு எதன் முன்பிட்டுகள் அதிகம் ஒத்துப்போகின்றனவோ அதை எடுக்கும். இதனால் இணைய மென்பொருளுக்காகப் புதிதாக ஒரு முகவரியைச் சேர்த்த மறு நிமிடம், அதுவரை ஒழுங்காக ஓடிய இ-வே பில் இணைப்பு அறுந்துபோகலாம். அனுப்புநராகப் பயன்படுத்தாதே என்று குறிக்க விண்டோஸில் ‘ஸ்கிப் ஆஸ் சோர்ஸ்’ என்ற அமைப்பு இருக்கிறது.

பிரவுசரில் “என் ஐபி என்ன?” என்று தேடிப் பார்ப்பது இதற்குச் சோதனை ஆகாது. இ-வே பில் எடுக்கும் அதே மென்பொருள், அதே சேவைக் கணக்கிலிருந்து வெளியே அழைக்கும்போது எந்த முகவரி போகிறது என்று பார்க்க வேண்டும்.

இரண்டு கேட்வே உள்ள சர்வர்களில் இன்னொரு கண்ணி உண்டு. ஒரு தொகுதியின் முகவரியை அனுப்புநராக வைத்துக்கொண்டு இன்னொரு கேட்வே வழியாக பாக்கெட் வெளியேறினால், தன் தொகுதியில் இல்லாத அனுப்புநர் என்று அந்த ரவுட்டர் தள்ளிவிடும். போலி அனுப்புநர் முகவரியோடு நடக்கும் தாக்குதல்களைத் தடுக்க 2000 மே மாதம் வெளியான பிசிபி 38 என்ற பரிந்துரையின்படி செய்யப்படும் வடிகட்டல் இது. அனுப்புநர் முகவரியைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்கும்படி சர்வரில் தனி வழிப்பட்டியல்கள் அமைப்பதே இதற்கு மருந்து.

மின்னஞ்சலுக்கு முகவரி வாங்குகிறவர்கள் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும். எண்ணிலிருந்து பெயரைக் கண்டுபிடிக்கும் பிடிஆர் பதிவு இல்லாத சர்வரின் அஞ்சலை ஜிமெயில் போன்ற சேவைகள் ஏற்கத் தயங்கும். எட்டு முகவரி வாங்கியவரால் இதைத் தானே எழுத முடியாது. அந்தத் தொகுதி முழுவதையும் வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனம்தான் எழுதித் தர வேண்டும், அல்லது அதற்கான அதிகாரத்தைப் பிரித்துத் தர வேண்டும். முகவரிகள் கைமாறிக்கொண்டே இருக்கும் காலம் இது. முன்பு வைத்திருந்தவர் குப்பை அஞ்சல் அனுப்பியிருந்தால், 1998 முதல் இயங்கும் ஸ்பாம்ஹவுஸ் போன்ற தடைப்பட்டியல்களில் அந்த எண் இன்னும் கிடக்கலாம். வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து வந்த தொகுதியாக இருந்தால், அது எந்த நாட்டில் இருக்கிறது என்று சொல்லும் தரவுத்தளங்களில் பழைய நாடே நீடிக்கலாம். இந்திய முகவரி கேட்கும் சேவைகளுக்கு இது நேரடிச் சிக்கல்.

சொந்தத் தொகுதியும் ஒரு பாடமும்

பெரிய நிறுவனங்கள் ஹோஸ்டிங் நிறுவனத்தின் எண்ணை நம்பியிருக்காமல், பதிவகத்திடமிருந்து தாங்களே தொகுதி வாங்குகின்றன. நன்மை வெளிப்படை: டேட்டா சென்டரை மாற்றினாலும் முகவரி மாறாது. வாடிக்கையாளர்கள் அத்தனை பேரின் ஃபயர்வாலிலும் எண்ணை மாற்றச் சொல்லிக் கடிதம் எழுத வேண்டியதில்லை.

ஆனால் அந்தத் தொகுதி இருக்குமிடத்தை உலகுக்கு அறிவிக்க வேண்டும். இணையத்தின் வலைப்பின்னல்கள் ஒன்றுக்கொன்று இதை அறிவித்துக்கொள்ளும் மொழி பிஜிபி. 1989-ல் சிஸ்கோவின் கிர்க் லாக்ஹீடும் ஐபிஎம்மின் யாகோவ் ரெக்டரும் சேர்ந்து வகுத்தது. நடைமுறையில் /24-ஐவிடச் சிறிய தொகுதிகளின் அறிவிப்பை உலகின் ரவுட்டர்கள் ஏற்பதில்லை. குறைந்தது 256 முகவரிகள் இருந்தால்தான் தனியாக அறிவிக்க முடியும். எட்டு முகவரி வாங்கியவர் ஊர் மாறும்போது அவற்றைக் கையோடு எடுத்துப்போக முடியாததன் காரணம் இது.

ரவுட்டர்களின் இன்னொரு விதி, ஒரு முகவரிக்கு இரண்டு அறிவிப்புகள் இருந்தால் இன்னும் நுட்பமானதை ஏற்பது. /22-உம் /24-உம் இருந்தால் /24-க்கே மதிப்பு. ஹோஸ்டிங் நிறுவனம் உலகுக்குப் பெரிய தொகுதியை அறிவித்துவிட்டு, உள்ளே ஒவ்வொரு சர்வருக்கும் /29, ஒற்றை முகவரி என்று பிரித்து அனுப்ப முடிவது இந்த விதியால்தான்.

இதே விதி 2008 பிப்ரவரி 24-ல் உலகையே ஆட்டியது. யூடியூப் 208.65.152.0/22 என்ற தொகுதியை அறிவித்திருந்தது. தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்க நினைத்த பாகிஸ்தான் டெலிகாம், அதற்குள் அடங்கிய 208.65.153.0/24-ஐத் தன்னுடையதாக அறிவிக்க, அது எல்லை தாண்டி உலக ரவுட்டர்களுக்குப் பரவியது. உலகெங்கும் யூடியூப் பார்வையாளர்களின் பாக்கெட்டுகள் பாகிஸ்தானுக்குப் போயின. யூடியூப் அதே /24-ஐயும், பின் அதைவிட நுட்பமான /25-களையும் அறிவித்துப் போராட வேண்டியிருந்தது. நிலைமை சீராக இரண்டு மணி நேரத்துக்கு மேலானது. இன்று ஆர்பிகேஐ என்ற முறை வந்திருக்கிறது. எந்தத் தொகுதியை எந்த வலைப்பின்னல் அறிவிக்கலாம் என்பதற்கு உரிமையாளர் மின்கையொப்பமிட்ட சான்று வைப்பார். சொந்தத் தொகுதியை ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கொண்டுபோகிறவர் இந்தச் சான்றில் அந்த நிறுவனத்தின் வலைப்பின்னல் எண்ணைச் சேர்க்க மறந்தால், தன் அறிவிப்பே பல ரவுட்டர்களால் செல்லாது என ஒதுக்கப்படும்.

ஐபிவி6: எண்ணுக்குப் பஞ்சமில்லை

128 பிட் நீளமுள்ள ஐபிவி6-ல் எண்ணிக்கைக் கவலை இல்லை. ஒரு சர்வருக்கு வழக்கமாகத் தரப்படும் /64 தொகுதியில் மட்டும் சுமார் 1,84,467 கோடி கோடி முகவரிகள். ஆனாலும் எப்படி வந்து சேர்கிறது என்ற கேள்வி இங்கேயும் அப்படியே இருக்கிறது. /64 முழுவதையும் உள்ளூர் வலைப்பின்னலாக வைத்தால், ரவுட்டர் ஒவ்வொரு முகவரிக்கும் யார் என்று கேட்க வேண்டும். யாரோ ஒருவர் வெளியிலிருந்து அந்தத் தொகுதியை வரிசையாகத் தட்டிப் பார்த்தால், இல்லாத முகவரிகளைத் தேடியே ரவுட்டரின் நினைவு நிரம்பிவிடும். 2012-ல் வெளியான ஆர்எஃப்சி 6583 இந்த ஆபத்தை விளக்குகிறது. ஆகவே கூடுதல் தொகுதியைச் சர்வருக்கு வழிப்படுத்திக் கொடுப்பதே நல்ல நடைமுறை. சென்னையிலும் மையம் வைத்திருக்கும் அக்கமாயின் லினோட் சேவை, ஒவ்வொரு சர்வருக்கும் இயல்பாக ஓர் ஐபிவி6 முகவரியும், கேட்டால் வழிப்படுத்தப்பட்ட /64 அல்லது /56 தொகுதியும் தருகிறது. /56 என்றால் 256 தனித்தனி வலைப்பின்னல்கள். கூடுதல் ஐபிவி4-க்கோ அதே நிறுவனம் காரணம் கேட்கிறது.

2016 செப்டம்பரில் ஜியோ ஐபிவி6 அடிப்படையில் சேவையைத் தொடங்கியபின் இந்தியா இதில் உலகின் முன்வரிசைக்கு வந்தது. நாட்டின் இணையப் பயனாளர்களில் 60 சதவீதத்துக்கு மேல் இன்று ஐபிவி6 வழியாகப் போகக்கூடியவர்கள். ஆலை ஊழியரின் கைபேசியில் இருக்கும் வசதி, பல ஆலைகளின் சர்வரில் இன்னும் இயக்கப்படாமல் இருக்கிறது. வணிகக் கூட்டாளிகளின் ஃபயர்வால் ஐபிவி4 கேட்கும்வரை ஐபிவி4-ஐ விட முடியாதுதான். ஆனால் இரண்டையும் சேர்த்து ஓட்ட எந்தத் தடையும் இல்லை.

சர்வர் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் ஒவ்வொரு ஆலையும் நான்கு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். கூடுதல் முகவரி ஏஆர்பி வழியாக வருகிறதா, முதன்மை முகவரிக்கு வழிப்படுத்தப்படுகிறதா, அல்லது நடுவில் மாற்றப்படுகிறதா? மெய்நிகர் இயந்திரங்களுக்கு மேக் எண் தருவார்களா? பிடிஆர் பதிவை யார், எத்தனை நாளில் எழுதித் தருவார்கள்? சர்வர் பழுதானால் முகவரியை மாற்று சர்வருக்குத் திருப்ப எவ்வளவு நேரம் ஆகும், அதை வாடிக்கையாளரே செய்ய முடியுமா? இதோடு வழிப்படுத்தப்பட்ட ஐபிவி6 தொகுதியையும் கேளுங்கள். அதற்குத் தட்டுப்பாடு இல்லை. பதில்களை வாங்கிவைத்து, மாற்று சர்வருக்குத் திருப்பும் சோதனையை உற்பத்தி இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்து பார்த்துவிடுங்கள்.